சவ்வக்கா

எங்கள் ஆலையில் அந்த அம்மாவை நேரில் மேடம் என்போம்; தலை மறைந்ததும் சவ்வக்கா. பெயர் வைத்தவர் முதலாளியின் மைத்துனர். ஆலைக்குச் சாமான் வாங்கும் பொறுப்பு அவருடையது. அவரை நாங்கள் எல்லோரும் மச்சான் சார் என்றுதான் சொல்வோம். ஒரு கூட்டத்தில் மேடம் வழக்கம்போலத் தன் சவ்வு வடிகட்டியைப் பற்றி ஆரம்பிக்க, "சவ்வு சவ்வுன்னு நீங்களும் சவ்வு மாதிரி இழுக்கறீங்களே" என்றார் அவர். முதலாளி சிரித்துவிட்டார். எங்கள் ஆலையில் முதலாளி சிரித்துவிட்டால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிடும்.

நான் அங்கே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். எண்ணெயில் என்ன இருக்கிறது, என்ன இருக்கக் கூடாது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதனால் மேடத்தின் எரிச்சல்களுக்கு முதல் சாட்சி நான்தான். கோபம் வந்தால் நேரே என் அறைக்கு வருவார். கண்ணாடிக் குப்பிகளுக்கு நடுவே இருந்த ஒரே நாற்காலியில் உட்காருவார். "தம்பி, இந்த ஆளுங்களோட நான் எப்படிக் குப்பை கொட்டறது?" என்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். நானும் நின்றுகொண்டே என் வேலையைப் பார்ப்பேன்.

அவருக்கு என்ன அப்படி எரிச்சல் என்று புரிய, எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விதையை எவ்வளவு அழுத்திப் பிழிந்தாலும் பிண்ணாக்கில் எண்ணெய் தங்கிவிடும். அதை விடாமல் எடுக்க ஹெக்ஸேன் என்ற திரவத்தை அதன்மேல் ஊற்றுவோம். பெட்ரோலுக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதே வாடை, அதே முன்கோபம். ஆலையில் அதற்கு சால்வென்ட் என்று பேர். அது எண்ணெயைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். வருகிற கலவையில் முக்கால் பங்கு சால்வென்ட்தான், கால் பங்குதான் எண்ணெய். இரண்டையும் பிரிக்க வேண்டுமே. நீராவியால் சூடேற்றி சால்வென்டை ஆவியாக ஓட்டிவிடுவோம், எண்ணெய் நின்றுவிடும். போன ஆவியைக் குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்களின்மேல் படவிட்டால் மறுபடி திரவமாகி வரும். அதைத் திரும்ப விதைமேல் ஊற்றுவோம். இப்படியே சுற்றிச் சுற்றி.

"ஒரே பொருளைக் கொதிக்க வை, ஆற வை, மறுபடி கொதிக்க வை. இதுக்கு ஒரு இன்ஜினியர் வேற" என்பார் மேடம். அவர் சொன்ன வழி வேறு. காகிதம்போல மெல்லிய ஒரு சவ்வு இருக்கிறது. அதைச் சுருட்டி இரும்புக் குழாய்க்குள் வைத்து, கலவையை நல்ல அழுத்தத்தோடு தள்ளினால், சின்ன உருவமான சால்வென்ட் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். உடம்பு பெருத்த எண்ணெய் இந்தப் பக்கமே நின்றுவிடும். அடுப்பே வேண்டாம். முழுசாகப் பிரியாதுதான், ஆனால் பெரும் பங்கு சால்வென்டை இப்படி எடுத்துவிட்டால், மிச்சத்துக்கு மட்டும் நீராவி கொடுத்தால் போதும்.

சொல்லக் கேட்டால் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லிக்கொண்டிருந்தது நீராவியைத் தவிர வேறெதையும் நம்பாத ஓர் இடத்தில்.

அவர் இந்த ஆலைக்கு வந்தது கல்யாணத்துக்கு முன்னால். அப்போது கொதிகலனுக்குப் பொறுப்பாக ஒரு பெரியவர் இருந்தார். நீராவி என்றால் அவர்தான். புதிதாக வந்த பெண், முதல் வாரமே அவரிடம் போய், குழாயில் பல இடங்களில் உறை கிழிந்து சூடு வீணாகிறது என்று சொல்லியிருக்கிறார். அவர் கத்தியிருக்கிறார். இவரும் விடவில்லை. ஒரு வருஷம் இரண்டு பேரும் கீரியும் பாம்புமாக இருந்தார்கள். பிறகு அந்தப் பெரியவரே பெண் வீட்டுக்குப் போய், தன் மகனுக்கு இவரைக் கேட்டிருக்கிறார். தன்னிடம் இவ்வளவு நேருக்கு நேர் பேசின ஆள் வேறு யாரும் இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். கல்யாணம் நடந்தது. சண்டை ஆலையிலிருந்து வீட்டுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

மாமனார் ஓய்வு பெற்ற பிறகும் நிலைமை மாறவில்லை. மருமகள் வேலை முடிந்து செருப்பைக் கழற்றுவதற்குள், இன்றைக்குக் கொதிகலன் அழுத்தம் எவ்வளவு என்று கேட்பார். சவ்வைப் பற்றிப் பேச்சு வந்தால் முகம் சுருங்கிவிடும். "நான் வாழ்நாள் பூரா மூட்டின நெருப்பை அணைக்கத்தான் நீ படிச்சிட்டு வந்தியாம்மா?" என்று ஒருநாள் கேட்டாராம். மேடத்தின் கணவர் வீடு வீடாகப் போய் ஏசி பழுது பார்ப்பவர். பகலெல்லாம் மற்றவர் வீட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிற மனுஷன், தன் வீட்டிலாவது அமைதி வேண்டும் என்று, "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைப் பலமுறை வீட்டைவிட்டுத் துரத்தத் தோன்றியது என்று மேடம் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

வருஷக்கணக்கில் இழுத்து இழுத்து, கடைசியில் முதலாளி ஒரு சின்ன இயந்திரத்துக்குச் சரி என்றார். அப்படிச் சொன்னதே, இனி இந்தப் பேச்சு நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் என்று நினைக்கிறேன்.

இயந்திரம் வந்தது. நான்கு நீளக் குழாய்கள், ஒரு பம்பு, கொஞ்சம் வால்வுகள். உள்ளே வைக்கிற சவ்வுச் சுருள்களை வாங்கும் வேலை மச்சான் சாரிடம் போனது. மேடம் சரியான வகையைச் சொல்லி, ஏன் அதுதான் வேண்டும் என்றும் விளக்கியிருந்தார். மச்சான் சார் விசாரித்ததில், பார்க்க அச்சு அசலாக அதேபோல இருக்கிற ஒன்று மலிவாகக் கிடைத்தது. குடிதண்ணீர் சுத்தம் செய்கிற சவ்வு. "வடிகட்டிதானே, எல்லாம் ஒண்ணுதான்" என்று வாங்கி வந்துவிட்டார். பெட்டியின்மேல் இருந்த ஒட்டுத்தாளையும் யாரோ கிழித்திருந்தார்கள். உள்ளே வைத்த பிறகு பார்ப்பதற்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஓட்ட ஆரம்பித்தபோது முதலாளி, மச்சான் சார், நான், இன்னும் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். தெளிவான சால்வென்ட் வர வேண்டிய கண்ணாடிக் குழாயில் மஞ்சளாக வந்தது. மேடம் பம்பின் அழுத்தத்தைக் குறைத்தார், கூட்டினார். மேலும் மஞ்சளானது. நான் ஒரு குப்பியில் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். உள்ளே போனது எதுவோ அதுவேதான் வெளியே வந்திருந்தது. வடிகட்டவே இல்லை. இயந்திரத்தை நிறுத்தி, காலி செய்து, சுருளை வெளியே இழுத்தோம். பசையெல்லாம் கரைந்து, மழையில் நனைந்த செய்தித்தாள்போல ஏடு ஏடாகப் பிரிந்து கையோடு வந்தது. மேடம் அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மச்சான் சாரைப் பார்த்தார். மச்சான் சார் முதலாளியைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்ல, இதெல்லாம் நமக்கு ஒத்துவராதுன்னு" என்றார்.

மேடம் என் அறைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் கையைக் கழுவாமல் அப்படியே இருந்தார்.

சரியான சுருள்கள் வர மாதங்கள் ஆயின. அவை வந்தபோது, குழாயின் வாயை அடைக்கிற ரப்பர் வளையங்கள் போதவில்லை என்று யாரோ கடைத்தெருவில் வாங்கி மாட்டிவிட்டார்கள். எல்லா ரப்பரும் சால்வென்டைத் தாங்காது. அவை ஊறிப் பருத்து, இடத்தைவிட்டுப் பிதுங்கி, ஒருநாள் முற்பகலில் கலவை பீய்ச்சி அடித்தது. எங்கள் இடத்தில் அது விளையாட்டுக் காரியம் இல்லை. அந்த ஆவி தரையோடு படர்ந்து போகும். எங்கோ ஒரு பொறி பட்டால் மொத்த ஆலையும் போய்விடும். மணி அடித்தது. மின்சாரத்தை வெளியிலிருந்து துண்டித்தார்கள். எல்லோரும் ஓடிப்போய்த் தெருமுனையில் நின்றோம். மேடம்தான் கடைசியாக வந்தார். வால்வை மூடிவிட்டு வந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்து, கண் சிவந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று தெருவில் நின்ற எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். ரப்பரை வாங்கினவரை யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வளையங்களைச் சரி செய்து, கலவையைச் சவ்வுக்கு அனுப்புமுன் தெளிய வைத்து, அவ்வப்போது சுத்த சால்வென்டால் கழுவி, ஒரு வழியாக ஓட்டிக் காட்டினார். தண்ணீர்போலத் தெளிவாகத்தான் வந்தது. நானே சோதித்தேன், எண்ணெய் வாசனைகூட இல்லை. ஆனால் முதலாளிக்கு ஆர்வம் போய்விட்டிருந்தது. கொதிகலனில் நாங்கள் எரிப்பது விதையின் தோல். விதை வாங்கினால் தோல் கூடவே வருகிறது. "நெருப்புக்கு நாம தனியா செலவு பண்றோமா என்ன? தோலைக் கொண்டுபோய் எங்க கொட்டறது?" என்று கேட்டார். இவ்வளவு நாளும் நெருப்பு மிச்சமாகும் என்றுதான் மேடம் பேசி வந்திருந்தார்.

இயந்திரம் ஓரமாக நின்றது. ஆவியாக்கும் கோபுரங்களை இயக்குகிற ஆபரேட்டர் தன் சாப்பாட்டுப் பையை அதன் குழாயில் மாட்டத் தொடங்கினார். அந்த மனுஷனுக்கு முதலிலிருந்தே இது பிடிக்கவில்லை; இது ஓடினால் தனக்கு வேலை இல்லை என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். மேடம் தினமும் காலையில் வந்து பையை எடுத்துத் தரையில் வைப்பார். சவ்வு காய்ந்தால் செத்துவிடும் என்று, குழாய்களுக்குள் சால்வென்ட் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். போவார். பை மறுபடி மேலே ஏறும்.

பிறகு அந்தக் கோடை வந்தது.

ஆழ்துளைக் கிணறுகளில் ஒன்று வற்றியது. மற்றொன்று காற்றும் தண்ணீருமாக இருமியது. நகரத்துக்குக் குடிக்கவே தண்ணீர் இல்லை என்று ஆலைகளுக்குத் தருவதைக் குறைத்துவிட்டார்கள். சால்வென்ட் ஆவியை ஆற வைக்கிற தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடுவதுதான் என்றாலும், ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் போய்விடும். மேலே புதிதாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்ற இல்லை. இருந்த தண்ணீரும் சூடாகிவிட்டது. ஆவி முழுசாக ஆறாமல் புகைபோக்கி வழியாக வெளியே போக ஆரம்பித்தது. பின் தெருவில் இருந்தவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது என்று வாசலுக்கு வந்து சத்தம் போட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை.

மச்சான் சார் லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தார். வந்தது உப்புத் தண்ணீர். குழாய்களில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, நிலைமை இன்னும் மோசமானது. கோடை முடிகிறவரை ஆலையை மூடிவிடலாம் என்று முதலாளி சொன்னார். அப்படியென்றால் தினக்கூலிக்காரர்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அன்று மத்தியானம் மேடமும் நானும் குளிர்விக்கும் தொட்டியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம். நான் உப்பைச் சோதிக்கத் தண்ணீர் எடுக்கப் போனவன். தொட்டியின் அடிப் பாசி தெரிந்தது. மச்சான் சார் தொலைவில் லாரிக்காரரோடு கைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். மேடம் திடீரென்று தலையில் கை வைத்துக்கொண்டு அந்தச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்துவிட்டார். வெயில் தாக்கிவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"தம்பி, இந்தத் தண்ணி எதுக்கு?"

"ஆவியை ஆற வைக்கத்தானே மேடம்?"

"ஆவியே கம்மியா இருந்தா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் எழுந்து நின்றார். முகத்தில் சந்தோஷமே இல்லை. தன்மேலேயே அப்படி ஒரு கோபம். "நெருப்பு மிச்சம், நெருப்பு மிச்சம்னு இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தினேன். நெருப்பு இவங்களுக்குச் சும்மா கிடைக்குது. தண்ணிதான் கிடைக்கல. சவ்வு வழியா வர்ற சால்வென்டை ஆற வைக்கவே வேண்டாமே. இது ஏன் என் மரமண்டைக்கு எட்டல?" என்றார்.

அப்படியே முதலாளி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் சொன்னதைக் கேட்டதும் மச்சான் சார், "மறுபடியும் வடிகட்டியா?" என்று பெருமூச்சு விட்டார். முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அது ஓடுமா என்று மட்டும் கேட்டார்.

"சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் மேடம். "முழு ஆலையும் ஓடாது. பாதிக்கும் கொஞ்சம் குறைச்சலா ஓட்டலாம். அதுக்கு இருக்கிற தண்ணி போதும்னு கணக்கு சொல்லுது. ஓடலேன்னா நீங்க மூடத்தானே போறீங்க, அப்ப மூடிக்கங்க."

முதலாளி சரி என்றார். ஆனால் கோபுர ஆபரேட்டரும் சேர்ந்து ஓட்ட வேண்டும், அவர் இல்லாமல் தொடக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டார். தெருவில் போய் நின்ற நாளை அவர் மறக்கவில்லை.

ஆபரேட்டர் தன் பையை எடுத்துக்கொண்டார். அதுதான் அவர் செய்த முதல் ஒத்துழைப்பு.

ஓட்ட ஆரம்பித்தபோது எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல ஆசைதான். நடக்கவில்லை. நான்கு குழாய்களில் ஒன்று எண்ணெயை அப்படியே விட்டது. எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றிலிருந்தும் நான் மாதிரி எடுத்தேன். மேடம் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஆச்சா ஆச்சா என்று உயிரை எடுத்தார். கடைசிக் குழாய்தான் என்று தெரிந்ததும் அதை மூடிவிட்டு மூன்றோடு ஓட்டினார்கள். அடுத்து, கோபுரங்களுக்கு வருகிற கலவை கெட்டியாகவும் குறைவாகவும் வரவே, பழைய அளவில் விட்ட நீராவி அதிகமாகி எண்ணெய் கறுத்தது. ஆபரேட்டர் நீராவியைக் குறைக்க மாட்டேன் என்றார். இத்தனை வருஷமாக இந்த அளவில்தான் வைக்கிறேன் என்றார். மேடம் என்னிடமிருந்த கறுத்த எண்ணெய்க் குப்பியை வாங்கி அவர் கையில் கொடுத்தார். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். முணுமுணுத்துக்கொண்டே வால்வைத் திருகினார்.

மறுநாள் முதல் பிடிபட்டுவிட்டது. புகைபோக்கியருகே மூக்கைச் சுளிக்காமல் நிற்க முடிந்தது. பின் தெருவில் ஜன்னல்கள் திறந்தன. அவர்கள் யாரும் வந்து நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், நாற்றம் அடிக்காமல் இருப்பது அவர்கள் உரிமை. எங்களுக்குச் சத்தமில்லாமல் இருந்ததே பெரிதாக இருந்தது. கூலிக்காரர்கள் முறை வைத்து வந்தார்கள். யாரையும் நிறுத்தவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் மேடத்தின் மாமனார் ஆலைக்கு வந்தார். பழைய ஆள் என்பதால் காவல்காரர் சலாம் வைத்து உள்ளே விட்டுவிட்டார். நேரே கொதிகலன் அறைக்குப் போய், அழுத்தம் இறங்கிக் கிடப்பதைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் வந்தார். இயந்திரத்தின் குழாய்மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு தெரியவில்லை. இன்னொரு குழாயைத் தொட்டார். மருமகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஓடுதா இது?"

"ஓடுது மாமா."

"சூடே இல்லையே."

"சூடு இருந்தா அது நம்ம பழைய வேலை."

அவர் கண்ணாடி வழியே ஓடுகிற தெளிந்த சால்வென்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பம்பு கொஞ்சம் அதிர்கிறது, அடியில் போல்ட்டை இறுக்கச் சொல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேடம் என்னிடம் திரும்பி, "பார்த்தியா, ஒரு வார்த்தை வருதா பாரு" என்றார். வீட்டில் அன்று கொதிகலன் அழுத்தத்தைப் பற்றி மாமனார் கேட்கவில்லையாம். அதற்குப் பதிலாக அந்த போல்ட்டை இறுக்கியாயிற்றா என்று கேட்டாராம். அதற்கும் மேடத்துக்குக் கோபம்தான்.

மழை வந்தது. கிணறு ஊறியது. தொட்டி நிறைந்து வழிந்தது. நாங்களெல்லாம் முகம் மலர்ந்து நின்ற அன்றே முதலாளி மேடத்தைக் கூப்பிட்டு, "தண்ணிதான் வந்துடுச்சே, இனிமே அது எதுக்கும்மா? நிறுத்திடுங்க, முழுசா ஓட்டலாம்" என்றார்.

நான் அந்த முகத்தைப் பார்த்தேன். ஏதாவது தூக்கி எறிவார் என்றே எதிர்பார்த்தேன். எறியவில்லை. "சரிங்க" என்றார். வந்து இயந்திரத்தை நிறுத்தினார், கழுவினார், சவ்வு காயாமலிருக்கக் குழாய்களில் சால்வென்டை நிரப்பினார். என் அறைக்குக்கூட வரவில்லை. வேறு ஆலையில் வேலை தேடுகிறார் என்று பேச்சு அடிபட்டது. உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. வீட்டில் கணவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் முதல் தடவையாக, இரண்டு பேர் சொல்வதும் சரி என்று சொல்லாமல், "போயிடு. உன்னை மதிக்கிற இடத்துக்குப் போயிடு" என்றாராம்.

போகாமல் இருந்தது கோபுர ஆபரேட்டரால். ஆலை முழு வேகத்தில் ஓட ஆரம்பித்ததும் அவருக்குப் பழைய பாடு திரும்பியது. கலவை மொத்தமும் கோபுரத்தில் வந்து விழுந்தது, நுரைத்துப் பொங்கியது, ஆவி முட்டியது, உட்கார நேரமில்லை. கோடையில் அவர் நாற்காலியில் சாய்ந்து அளவுமானிகளை வேடிக்கை பார்த்துப் பழகிவிட்டிருந்தார். யாரிடமும் சொல்லாமல் முதலாளி அறைக்குப் போயிருக்கிறார். மேடத்துக்காகப் பரிந்து பேசப் போகவில்லை. அதை அவரே என்னிடம் தெளிவாகச் சொன்னார்.

"எனக்கு மூச்சு விட முடியலீங்க. அதை ஓட விட்டா கோபுரம் பொங்காம அடங்கி இருக்கு. அதை நிறுத்தினா எனக்கு இன்னொரு ஆள் குடுங்க" என்றாராம்.

இன்னொரு ஆள் என்றதும் முதலாளிக்குக் காது கேட்டுவிட்டது. மறுநாள் காலையில் மேடம் வரும்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டரே ஓட்டியிருந்தார். ஒரு வால்வைத் தப்பாகத் திறந்து வைத்திருந்தார். மேடம் அதை மூடிவிட்டு, அவரை நன்றாகத் திட்டினார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வேறு ஆலைக்குப் போகிற பேச்சு அன்றோடு போனது.

அடுத்த வருஷம் இன்னும் பெரிய இயந்திரம் வந்தது. பெருமையெல்லாம் தனக்குத்தான் என்று மச்சான் சார் வெளியாட்களிடம் பேசிக்கொள்வார். மேடம் அதைக் கேட்டுப் பல்லைக் கடிப்பார், ஆனால் விட்டுவிடுவார். சுருள் வாங்கும்போது மட்டும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். எழுந்து போகச் சொன்னாலும் போக மாட்டார். நான் அந்த ஆலையைவிட்டு வரும் காலத்தில் சவ்வக்கா என்று நேரிலேயே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

கடைசியாக ஒன்று. பல வருஷத்துக்குப் பிறகு மேடம் முதல்முறையாக ஒரு வாரம் விடுமுறை போட்டு, கணவரோடு தன் அக்கா வீட்டுக்குப் போனார். ஆலையிலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். போன மூன்றாம் நாள், அக்காவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ஆபரேட்டர். எது வெடித்தது, எங்கே கசிகிறது என்று மேடம் பதறியிருக்கிறார்.

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றாராம் அவர். "எல்லாம் நல்லா ஓடுது. சொல்லணும்னு தோணுச்சு, அதான்."

இதைச் சொல்லவா கூப்பிட்டாய் என்று மேடம் பொரிந்து தள்ளியிருக்கிறார். ஒழுங்காக ஓடுவதற்கெல்லாம் யாராவது கைபேசியில் கூப்பிடுவார்களா, எனக்கு இங்கே உயிரே போய் வந்தது என்று கத்தியிருக்கிறார். வைத்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனவர், மறுபடி காதில் வைத்து, "சரி, தெளிஞ்சது எவ்வளவு வேகத்துல வருது? மீட்டரைப் பார்த்துச் சொல்லுங்க" என்றாராம். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாராம்.